பார்க்கிங்கில் தூங்கும் கியர் சைக்கிளை எடுங்க... பூண்டி வரை போயிட்டு வரலாம்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் எந்த அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலும் அந்த சைக்கிள் நிற்கும். தடித்த டயர், முன்னால் ஷாக் அப்சார்பர், கைப்பிடியில் இரண்டு பக்கமும் கியர். சீட்டில் விரலாலேயே கோலம் போடலாம், அவ்வளவு தூசு. ஊரடங்கு நேரத்தில் ஆசைப்பட்டு வாங்கியிருப்பார்கள். மூன்று மாதம் தெருவைச் சுற்றியிருப்பார்கள். நாய் துரத்திய ஒருநாளோடு நிறுத்தியிருப்பார்கள். கடையில் 'மவுன்டன் பைக்' என்று சொல்லித்தான் விற்றார்கள். அம்பத்தூரில் ஏதுங்க மவுன்டன்?

மலை இல்லைதான். ஆனால் ஏரிக்கரை இருக்கு. கால்வாய்க்கரை இருக்கு. வயலுக்கும் பனைமரத்துக்கும் நடுவே போகிற மண்பாதை இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கு. அந்தத் தடித்த டயர் கேட்பது இதைத்தான். தார் ரோட்டில் மட்டும் ஓட்டினால் அது வெறும் கனமான சைக்கிள். மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

இன்ஸ்டாகிராமில் பிரான்ஸ் கிராமத்து சைக்கிள் ரீல்ஸ் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். பெரும்பாலும் அதில் வருவது 'கனால் து மிடி' என்ற கால்வாயின் கரை. துலூஸ் நகரத்திலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் வரை 240 கிலோமீட்டர். 17-ம் நூற்றாண்டில் பியர் பால் ரிக்கே என்பவர் தலைமையில் வெட்டியது. அந்தக் காலத்தில் படகைக் கயிறு கட்டிக் குதிரை இழுத்துப்போன கரைப்பாதையில்தான் இன்று சைக்கிள் போகிறது. பல இடங்களில் வெறும் மண், நடுநடுவே மரத்து வேர். அதனால் அங்கேயும் தடித்த டயர்தான் சரி. வழியில் கார்கசோன் கோட்டை, பழைய கல்வீடுகள், தேவாலயங்கள். 1996-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள்.

அதே 1996-ல்தான் கிருஷ்ணா நதி நீர் கால்வாய் வழியாக முதன்முதலாகத் தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்து பூண்டியைத் தொட்டது. பூண்டியிலிருந்து செம்பரம்பாக்கத்துக்கு இணைப்புக் கால்வாய் இருக்கிறது. ஆக, நம்ம ஊரிலும் கால்வாய் உண்டு, கரை உண்டு. வழியில் அந்தக் கல்வீடுகளைவிடப் பழைய ஊர்களும் உண்டு. சென்னைக்குத் தண்ணீர் வருகிற திசைக்கு எதிராக, அது கிளம்பும் இடம் வரை சைக்கிளில் போய்ப் பார்ப்பதுதான் இந்த வார ரூட்.

கிளம்புவதற்கு முன் அம்பத்தூர்க்காரர்களுக்கு ஒரு பெருமை. நம் அப்பா, தாத்தா ஓட்டிய ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களின் ஊர் இது. 1949-ல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில்தான் வேர் பிடித்தது. சைக்கிளுக்கே ஊர் இதுதான் எனும்போது, நம் வண்டி பார்க்கிங்கில் துருப்பிடிப்பது கொஞ்சம் அநியாயம்!

காலை 5 மணிக்கு அம்பத்தூரை விட்டால் முதல் நிறுத்தம் திருமுல்லைவாயல் மாசிலாமணீஸ்வரர் கோயில். தொண்டைமான் மன்னனின் யானைக் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொள்ள, வாளால் வெட்டியபோது அடியிலிருந்த லிங்கத்தின் மீது பட்டது என்பது தலபுராணம். சந்நிதி முன்னே இரண்டு எருக்கந்தூண்கள். வீட்டு ஓரத்தில் செடியாக நாம் பார்க்கிற எருக்கு, இங்கே தூண் கனத்துக்கு! எல்லாக் கோயிலிலும் சுவாமியைப் பார்த்திருக்கும் நந்தி, இங்கே வெளியே பார்த்திருக்கும். தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குக் கிளம்பிய கோலமாம்.

ஆவடி, பட்டாபிராம் வரை சி.டி.எச். ரோடுதான் வழி. சொல்ல ஒன்றுமில்லை. பின்னால் சிவப்பு லைட் எரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருநின்றவூரில் இறங்கிவிடுங்கள். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான பக்தவத்சலப் பெருமாள் கோயில் இருக்கிற ஊர். என்னை இழுப்பது பூசலார் கதை. கையில் காசில்லாத பூசலார், மனசுக்குள்ளேயே அஸ்திவாரம் போட்டு, கல் அடுக்கி, கலசம் வைத்து ஒரு கோயில் கட்டி முடித்தார். அவர் குடமுழுக்குக்குக் குறித்த அதே நாளில்தான் காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ மன்னனும் நாள் குறித்திருந்தான். சிவன் கனவில் வந்து, 'நாளைக்கு நின்றவூரில் பூசலார் கட்டிய கோயிலுக்குப் போகிறேன், உன் நாளைத் தள்ளிவை' என்றாராம். மன்னன் தேடிக்கொண்டு வந்தான். ஊரில் எங்கேயும் கோயில் இல்லை! இன்று இருதயாலீஸ்வரர் கோயில் என்ற பெயரில் ஒன்று இருக்கிறது. இதய நோய் உள்ளவர்கள் வந்து வேண்டிக்கொள்கிறார்கள்.

இந்தக் கதையைப் பெரியபுராணத்தில் எழுதிய சேக்கிழார், பூந்தமல்லிக்குத் தெற்கே உள்ள குன்றத்தூர்க்காரர். 12-ம் நூற்றாண்டு. எழுதியவரின் ஊருக்கும் கதையின் ஊருக்கும் இடையே ஒரு காலைப்பொழுது சைக்கிள் தூரம்தான். நடுவில் செம்பரம்பாக்கம் ஏரி, திருமழிசை ஆழ்வார் பிறந்த திருமழிசை. பூந்தமல்லிப் பக்கம் இருப்பவர்கள் ஆவடி வரை வராமல் குன்றத்தூர் - திருமழிசை - திருநின்றவூர் என்று இந்த வழியிலேயே வரலாம். பஸ்ஸில் போனால் இவையெல்லாம் வெறும் நிறுத்தங்கள். மிதித்துப் போகும்போதுதான் 'அட, பக்கத்து ஊர்க்காரரைப் பற்றித்தான் எழுதியிருக்கார்' என்று உறைக்கிறது.

வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர், காக்களூர், திருவள்ளூர் என்று ரயில் பாதையை ஒட்டியே ஊர்கள் வரும். மெயின் ரோட்டை விட்டு உள்ளே ஒதுங்கினால் ஏரிக்கரைகள் கிடைக்கும். ஆனால் எந்தக் கரை எங்கே போய்ச் சேரும் என்று கூகுள் மேப்புக்கே தெரியாது. போன வருஷம் நான் போய்வந்த ஒரு மண்பாதையில் இந்த வருஷம் காம்பவுண்டு சுவர் நிற்கிறது. இன்னொன்றில் கலர் கலராகக் கொடி நட்டு 'மனைகள் விற்பனைக்கு' என்று போர்டு. பிரான்ஸில் அந்தக் கால்வாயும் கரையும் ஓர் அரசு நிறுவனத்தின் பராமரிப்பில் இருப்பதால் பாதை பாதையாகவே நீடிக்கிறது. நம்மிடம் கரை இருக்கிறது. இது வழி என்று சொல்ல ஒரு போர்டுகூட இல்லை. மேப்பில் இல்லாத பாதை காணாமல் போனால் யார் கேட்பது?

இந்த ஊர்களில் சைக்கிள் யாருக்கும் அதிசயம் இல்லை. அரசு கொடுத்த சைக்கிளில், யூனிஃபார்மோடு, மூன்று பேர் சேர்ந்தாற்போல் பேசிக்கொண்டே போகும் பள்ளிக்கூடப் பெண்கள் என்னைச் சுலபமாக முந்திப் போவார்கள். அதிசயம் ஹெல்மெட்டும் டிராக் பேன்ட்டும்தான். ஒரு டீக்கடையில் பால் கேனோடு வந்த பெரியவர் என் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எவ்ளோம்மா இது?"

சொன்னேன்.

"கேரியர் இல்லியா?"

"இல்லீங்க தாத்தா."

"ஸ்டாண்டு?"

"அதுவும் இல்ல."

"அப்போ இவ்ளோ துட்டு எதுக்கும்மா குடுத்தே?"

இதுவரை என்னிடம் பதில் இல்லை.

திருவள்ளூரிலிருந்து பூண்டிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-ல் கட்டி முடித்த நீர்த்தேக்கம். சென்னை மேயராக இருந்து, நகரத்தின் தண்ணீர்ப் பஞ்சத்துக்காக இதை முன்னெடுத்த சத்தியமூர்த்தியின் பெயரையே வைத்தார்கள். சத்தியமூர்த்தி சாகர். காலை வெயிலில் கரையோரம் நின்றால் மறுகரை தெரியாத அளவுக்குத் தண்ணீர். எல்லோரும் செல்ஃபி எடுக்கும் இடம்.

அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் பழைய திருவெண்பாக்கம் இருந்தது. தேவாரப் பாடல் பெற்ற தலம். சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூரைவிட்டுக் கிளம்பிய சுந்தரர் கண்பார்வை இழந்தார். தட்டுத் தடுமாறி இந்த ஊருக்கு வந்து முறையிட்டபோது, சிவன் பார்வை தரவில்லை, ஓர் ஊன்றுகோலைத்தான் கொடுத்தார். கோபத்தில் சுந்தரர் கோலை வீச, நந்தியின் கொம்பு உடைந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். சுவாமியின் பெயரே ஊன்றீஸ்வரர். நீர்த்தேக்கத்துக்காக நிலம் மூழ்கப்போகிறது என்றானதும், கோயிலைப் பெயர்த்துக் கொண்டுவந்து மேட்டில் வைத்தார்கள். அதுதான் இப்போது நாம் பார்க்கும் கோயில். சுவாமிக்கு மாற்று இடம் கிடைத்தது. அந்த மண்ணில் உழுதவர்கள் எங்கே போனார்கள் என்று சொல்லும் கல்வெட்டு அங்கே எதுவும் என் கண்ணில் படவில்லை. ஒரு நகரம் குழாயைத் திறக்க ஓர் ஊர் மூழ்கியிருக்கிறது என்பது, எத்தனையோ தடவை பிக்னிக் வந்த எனக்கு சைக்கிளில் வந்த பிறகுதான் தெரிந்தது. காரில் வந்தபோது அந்தக் கோயிலைத் தாண்டிப் போயிருக்கிறோம்.

கால் இன்னும் தாங்கினால், ஆற்றை ஒட்டிச் சில கிலோமீட்டரில் அத்திரம்பாக்கம். பார்ப்பதற்கு ஓடையும் முள்காடும்தான். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட், மே மாதம் பல்லாவரத்தில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே வருஷம் வில்லியம் கிங்குடன் இங்கே வந்தபோது கற்கருவிகள் குவியலாகக் கிடைத்தன. பிறகு தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் பல ஆண்டுகள் அகழாய்வு செய்தார்கள். இங்கே கிடைத்த மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் 'சயின்ஸ்' இதழில் அறிவித்தார்கள். அடுத்த கட்டத் தொழில்நுட்பம் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே தொடங்கிவிட்டது என்று 2018-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். நம்மைப் போன்ற மனித இனம் இந்தியாவுக்கு வருவதற்கு ரொம்ப முன்னாடியே யாரோ இங்கே உட்கார்ந்து கல் உடைத்திருக்கிறார்கள். ஞாபகார்த்தமாக ஒரு கல்லைக்கூடப் பையில் போட்டு வராதீர்கள், ப்ளீஸ். பார்க்க ஆசை என்றால் பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது.

ஆவடியிலிருந்து பூண்டி போய்த் திரும்ப ஏறக்குறைய 70 கிலோமீட்டர். முதல் வாரமே இதைச் செய்தால் மறுநாள் ஆபீஸுக்கு லீவுதான். முதல் ஞாயிறு திருநின்றவூர் வரை, அடுத்தது திருவள்ளூர் வரை, அப்புறம் பூண்டி என்று கூட்டிக்கொண்டே போங்கள். குழந்தைகளோடு என்றால் திருவள்ளூர் வரை காரில் சைக்கிளை ஏற்றிப்போய், அங்கிருந்து மிதிக்கலாம்.

டயரில் கல்லுமாதிரி காற்றடிக்காதீர்கள். மண்பாதைக்கு 30 - 35 பி.எஸ்.ஐ. போதும். ஷாக் அப்சார்பரை லாக் செய்யும் வசதி இருந்தால் தார் ரோட்டில் லாக், கரையில் ஃப்ரீ. மழை பெய்த மறுநாள் போகவே வேண்டாம், களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு பிரேக் வரை அடைத்துவிடும். சீமைக்கருவேல முள்தான் முக்கியமான எதிரி. ஒரு மாற்று டியூப், கைப்பம்பு, பஞ்சர் பேட்ச் மூன்றும் இல்லாமல் கிளம்பினால், வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வீடு திரும்ப வேண்டும். குடிநீர் ஏரிகளின் கரைமேல் எல்லா இடத்திலும் விட மாட்டார்கள். தடைப்பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள். இணைப்புக் கால்வாயின் சரிவில் மட்டும் எக்காரணம் கொண்டும் கால் கழுவ இறங்க வேண்டாம். சரிந்த கான்கிரீட், பாசி. வழுக்கினால் பிடிக்க எதுவும் கிடையாது.

'பொண்ணு தனியா எப்படிப் போகும்?' என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். தனியாகப் போக வேண்டாம். பையன்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மூன்று, நான்கு பேராகப் போங்கள். லைவ் லொகேஷனை வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள். முதல் ரவுண்டுக்கு அப்பாவையோ சித்தியையோ கிளப்பிக்கொண்டு போனால், அடுத்த வாரம் அவர்களே உங்களை 4 மணிக்கு எழுப்புவார்கள். என் அப்பா அப்படித்தான் ஆனார்.

வெயில் ஏறினால் பூண்டி ரோட்டில் நிழல் குறைவு. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கட்டாயம். ஒன்பதரைக்குள் திருவள்ளூர் திரும்பிவிட்டால், வீரராகவப் பெருமாள் கோயில் பக்கம் சூடாக இட்லி சாப்பிட்டுவிட்டு மெதுவாக வரலாம். அமாவாசை அன்று மட்டும் அந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்பாதீர்கள். கூட்டத்தில் உருட்டக்கூட முடியாது.