முதல் பதில் ஹெல்மெட் அல்ல!



டிப்ளமோ முடித்த கையோடு ‘சேஃப்டி லைன்ல போறேன்’ என்று கிளம்பும் பிள்ளைகள் இன்று தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். வளைகுடா வேலை என்றால் முதலில் கேட்பதே ‘நெபோஷ் இருக்கா?’ என்றுதான். பணியிடப் பாதுகாப்புக்கான தேர்வு நடத்திச் சான்றிதழ் தரும், பிரிட்டனில் 1979-ல் தொடங்கிய அமைப்பு அது. அந்தச் சான்றிதழுக்காக நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் குடும்பங்களும் உண்டு.

ஆனால், தேர்வு எழுதிவிட்டால் மட்டும் முடிந்துவிடுமா? 2020-ல் புத்தகத்தைப் பார்த்தே எழுதும் தேர்வைக் கொண்டுவந்த நெபோஷ், கூடவே வீடியோவில் ஒரு நேர்காணலையும் வைத்தது. எழுதியது நீங்கள்தானா என்று பேசிப் பார்த்துவிடுவார்கள். வேலையில் முன்னேறி, பாதுகாப்பு நிபுணர்களுக்கான ஐயோஷ் அமைப்பின் சார்ட்டர்டு தகுதிக்குப் போனால், அங்கேயும் நேர்காணல் உண்டு.

இப்படிப்பட்ட நேர்காணல்களுக்குக் கேள்வி-பதில் நோட்டை உருப்போட்டால் போதுமா? போதாது. ‘உயரத்தில் வெல்டிங் வேலை, என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டால், பலரும் ‘ஹெல்மெட், பெல்ட் போடச் சொல்வேன்’ என்பார்கள். அது கடைசிப் பதில். அந்த வேலையைக் கீழேயே முடித்து மேலே ஏற்ற முடியாதா? முடியாதென்றால், கைப்பிடியோடு சாரம் கட்டலாமா? இந்த வரிசையில் யோசிக்கிறீர்களா என்றுதான் பார்க்கிறார்கள்.

இன்னொரு கேள்வி: ‘தொட்டிக்குள் இறங்கியவர் மயங்கிவிட்டார். வெளியே நிற்கும் நீங்கள் என்ன செய்வீர்கள்?’ ‘உடனே இறங்கித் தூக்குவேன்’ என்று நல்ல மனசோடு சொல்லிவிடாதீர்கள். கழிவுநீர்த் தொட்டியில் ஒருவரைக் காப்பாற்ற இறங்கி, அடுத்தவரும் போய்ச் சேர்ந்த செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! காற்றில் ஏறக்குறைய 21 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்ஸிஜன் 19.5-க்குக் கீழே போனாலே உள்ளே ஆள் இறங்கக் கூடாது. விஷவாயு இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். மேலிருந்தே இழுத்துத் தூக்கும் கயிறும், மீட்பு ஆட்களும், ஒருவர் இறங்கும் முன்பே தயாராக இருக்க வேண்டும்.

‘டீமா செஞ்சோம் சார்’ என்று பொதுவாகச் சொல்லி நழுவாதீர்கள். நீங்கள் எதைப் பார்த்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள், அதன் பிறகு என்ன மாறியது? உங்கள் சைட்டில் நடந்த இரண்டு சம்பவங்களை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்குப் புரிந்தால், சாரத்தில் நிற்கும் தொழிலாளிக்கும் புரியும். தெரியாததைக் கேட்டால், ‘தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்’ என்பதில் வெட்கமே இல்லை. பாதுகாப்பு வேலையில் அடித்துவிடுவதுதான் ஆபத்து.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ‘பதிலை நாங்களே எழுதித் தருகிறோம், பாஸ் கியாரண்டி’ என்று சொல்லும் இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். குறுக்கு வழி தெரியவந்தால் தேர்வே ரத்தாகும். தெரியாமல் போனால் அது இன்னும் மோசம்: நாளை உங்கள் பிள்ளை வேலைக்கான அனுமதிச் சீட்டில் (பெர்மிட்) போடும் கையெழுத்தை நம்பி, வேறொரு வீட்டுப் பிள்ளை அந்தத் தொட்டிக்குள் இறங்குவான்.

படித்து, பார்த்து, புரிந்துகொண்டு போகட்டும். வேலை தானாக வரும்.

அன்புடன்,
ஆசிரியர்