பாண்டி என்றால் ராஜாவாம்!

போன மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சின்னப் பேச்சில் இருந்து ஆரம்பிக்கிறேன். என் சித்தப்பாவுக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் வேலை. அங்கே வாய்த்தகராறில் ஒருத்தன் அவரைப் "பாண்டி" என்று சொல்லிவிட்டான். கேரளாவில் தமிழர்களை மட்டம் தட்ட இந்தச் சொல் புழங்குவது எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். (எல்லா மலையாளிகளும் அப்படிப் பேசுவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.) ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஆறுதல் சொன்னார். அண்ணாச்சி தமிழ் ஆர்வலர்.

"இதுக்குப் போயி வருத்தப்படலாமாடே? பாண்டின்னா பாண்டியன். பாண்டியன்னா ராஜா. நம்ம ஊரு பேரே பூதப்பாண்டி தானடே! வேரைப் பாத்தா அவன் உன்னயப் புகழ்ந்திருக்கான்."

சித்தப்பா கேட்டார்: "அண்ணாச்சி, அவன் என்னய ராஜான்னு நெனச்சா கூப்பிட்டான்?"

அண்ணாச்சியிடம் பதில் இல்லை. என்னைக் கேட்டால், சொற்பொருளியல் என்ற படிப்பின் முதல் வகுப்பே இந்தக் கேள்விதான். பி.காம். படிக்கிறவனுக்கு இது எதுக்கு என்று கேட்காதீர்கள், அதற்கும் வருகிறேன்.

நம்மிடம் ஒரு வியாதி இருக்கிறது. ஒரு சொல் கிடைத்தால் போதும், அதை இரண்டாக வெட்டி, இந்தப் பாதிக்கு இது, அந்தப் பாதிக்கு அது, ஆகவே "உண்மையான பொருள்" இதுதான் என்று தீர்ப்பு எழுதிவிடுவது. வாட்ஸ்அப்பில் தினம் நாலு வருகிறது. நாஞ்சில் என்றால் கலப்பை, அகராதியிலேயே இருக்கிறது. ஆனால் மேடை ஏறினால் "நஞ்சு இல்லாத நாடு, அதனால் நாஞ்சில் நாடு, ஆகவே இங்கே பொறாமையே கிடையாது" என்று ஒருவர் பேசுவார், கை தட்டுவார்கள். (வரப்புத் தகராறு பார்க்காதவர் போலிருக்கிறது :-) )

சரி, அந்த முறைப்படியே ஒரு சொல்லை வெட்டுவோம். மரவள்ளிக் கிழங்கை நாங்கள் மரச்சீனி என்போம். வெட்டினால் ஒரு பக்கம் மரம், இன்னொரு பக்கம் சீனி. கிழங்கு எங்கே போனது? மீன்குழம்பு ஊற்றித் தின்கிற எவனுக்கும் அதில் சர்க்கரை ஞாபகம் வருவதில்லை.

இதைச் சொன்னால் உடனே "நீ இங்கிலீஷ்காரன் புத்தகம் படித்துவிட்டுப் பேசுகிறாய்" என்பார்கள். வெள்ளைக்காரன் வேண்டாம், தொல்காப்பியரையே கேளுங்கள். அந்த நூலை அதங்கோட்டாசான் முன்னால் அரங்கேற்றினார்கள் என்று அதன் பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு நம் குமரி மாவட்டத்து ஊர்தான் என்று நாமே பெருமையடிக்கிறோம். பெருமையோடு சொல்லதிகாரத்தையும் கொஞ்சம் புரட்டியிருக்கலாம். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் ஏன் வந்தது என்ற காரணம் பார்த்த மாத்திரத்தில் விளங்காது என்று உரியியலில் சொல்கிறார். காரணமே இல்லை என்று சொல்லவில்லை, கவனிக்கவும். கண்ணில் பட்டவுடன் தெரிந்துவிடாது என்கிறார். நாம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டே கண்டுபிடித்துவிடுகிறோம். அதே இயலில் இன்னொன்றும் சொல்கிறார்: ஒரு பொருளுக்குப் பொருள், அந்தப் பொருளுக்கும் பொருள் என்று போய்க்கொண்டே இருந்தால் அதற்கு எல்லை கிடையாது. பாண்டி என்றால் பாண்டியன், பாண்டியன் என்றால் ராஜா, ராஜா என்றால்? எங்கேயாவது நிறுத்தித்தானே ஆகவேண்டும்? சொல்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் புரிகிற இடத்தில்தான் நிறுத்த முடியும்.

வேர் ஆராய்ச்சியே வீண் என்று நான் சொல்லவில்லை. பாவாணர் ஆயுள் முழுக்க அதில் உழைத்தார். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961-ல் வந்தது, ஒரு சொல்லைச் சேர்க்க எத்தனை மொழிகளை ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் அவர்கள் சொல்வது சொல் எங்கிருந்து வந்தது என்பதை. எங்கள் பாஷையில் அது ஓப்பனிங் பேலன்ஸ். ஏப்ரல் 1-ம் தேதி கையில் இருந்ததை வைத்து இன்றைக்குக் கல்லாவில் எவ்வளவு என்று எவனாவது சொல்வானா? நடுவில் நடந்த வரவு செலவு எல்லாம் எங்கே போயிற்று?

எங்கள் ஊரிலேயே இதைவிட நல்ல உதாரணம் இருக்கிறது. பொதுவுடைமைத் தலைவர் ஜீவா 1907-ல் பிறந்தது பூதப்பாண்டியில். வீட்டில் வைத்த பெயர் சொரிமுத்து. பிறகு ஜீவானந்தம். தனித்தமிழ் வேகத்தில் கொஞ்ச காலம் உயிரின்பன். ஜீவன் என்றால் உயிர், ஆனந்தம் என்றால் இன்பம். வெட்டிப் பார்க்கிறவர் கணக்கில் இரண்டும் ஒன்றேதான். ஆளும் ஒருவர்தான். சரி, "ஜீவானந்தம் நம்ம ஊர்க்காரர் என்று என் தங்கைக்குத் தெரியும்" என்ற வாக்கியத்தை எடுங்கள். உண்மை. அதில் ஜீவானந்தத்தை எடுத்துவிட்டு உயிரின்பனைப் போடுங்கள். பொய்! யார் அந்த உயிரின்பன் என்று என்னிடமே கேட்டாள். 1892-ல் ஃப்ரெகே என்ற ஜெர்மன் கணிதப் பேராசிரியர், காலையில் தெரியும் வெள்ளியையும் மாலையில் தெரியும் வெள்ளியையும் வைத்து விளக்கியது இதைத்தான். பெயர் சுட்டுகிற ஆள் ஒன்று, அந்தப் பெயர் வழியாக அவர் நமக்குத் தெரியவருகிற விதம் வேறு. வேரில் இந்த இரண்டில் எதுவும் இல்லை.

இனி பி.காம். விஷயம். வணிகச் சட்டப் பேப்பரில் 1864-ம் வருஷத்து இங்கிலாந்து வழக்கு ஒன்று வரும். பம்பாயில் இருந்து 'பியர்லெஸ்' கப்பலில் வரும் பஞ்சை வாங்க ஒப்பந்தம். அந்தப் பெயரில் இரண்டு கப்பல். ஒன்று அக்டோபரில் கிளம்பியது, மற்றது டிசம்பரில். வாங்கியவர் முதலாவதை நினைத்தார், விற்றவர் இரண்டாவதை. வாங்கியவர் பக்கம்தான் தீர்ப்பு. பியர்லெஸ் என்றால் நிகரில்லாதது என்று பொருள். நிகரில்லாததிலேயே இரண்டு! அகராதியைப் பிரித்திருந்தால் வழக்கு தீர்ந்திருக்குமா? யார் எதை நினைத்துச் சொன்னார் என்றுதான் கேட்கவேண்டி இருந்தது. சித்தப்பாவும் அதைத்தான் கேட்டார்.

அண்ணாச்சி நல்ல மனசில்தான் சொன்னார், எனக்குத் தெரியும். ஆனால் அவருடைய ஆறுதல் அந்தக் கடைக்காரனுக்கு இலவச வக்கீல். "நான் என்ன கெட்ட வார்த்தையா சொன்னேன்? பாண்டி நாட்டுக்காரன் என்றுதானே சொன்னேன்" என்று அவன் நாளைக்குத் தப்பித்துக்கொள்ள வழி போட்டுக் கொடுக்கிறது. திட்டுகிற எல்லோரும் பிடித்துக்கொள்கிற கம்பு இந்த வேர்தான். ஜாதிப் பெயரைச் சொல்லி ஏசுகிறவனும் "அது தொழிற்பெயர் தானே" என்று இதையேதான் சொல்கிறான்.

இதை எல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். "சரியாச் சொன்னே மக்கா" என்று முதுகில் தட்டினார். அப்போது தெருமுனையில் கட்டட வேலைக்கு வந்திருக்கும் பீகார் பையன்கள் நாலு பேர் போனார்கள். "இந்த வடக்கனுவ தொல்லை தாங்கல" என்றார். நான் விடவில்லை. அது மட்டும் என்ன சித்தப்பா என்றேன்.

"வடக்க இருந்து வந்தவன் வடக்கன். அதுல என்னடே தப்பு?"

அண்ணாச்சி திண்ணையில் இருந்து "கரெக்ட்" என்றார். சித்தப்பா அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.