நிழல் யந்திரத்தில் பரீக்ஷை

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓசை நின்றால் நெசவாளியின் கூலியும் நின்றுவிடும். மின்சாரம் தடைப்படுவதற்குக் காற்றும் மழையுமே காரணமென்று எண்ணியிருந்த காலம் போயிற்று. கடல் கடந்து அமர்ந்திருக்கும் எதிரியும் இன்று அதை நிறுத்தக்கூடும். 2015 டிசம்பர் 23ந் தேதி உக்ரெய்ன் நாட்டு மின்விநியோகக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களுக்குள் அன்னியர் புகுந்து, சுமார் 2,25,000 வாடிக்கையாளரை இருளில் ஆழ்த்தினர்.

அபாயம் நமது தென்சீமைக்கும் வந்து போயிற்று. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு யந்திரங்களைத் தாக்குதல் சாத்தியமே இல்லையென்று நிலையத்தார் 2019 அக்டோபர் 29ந் தேதி அறிக்கை விடுத்தனர். மறுநாளே, நாசகார நிரலொன்று புகுந்தது உண்மையென்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. தாக்குண்டது நிர்வாகக் கம்ப்யூட்டரே, உலையை நடத்தும் அமைப்பு தனித்திருக்கிறது என்றும் கூறிற்று. ஆறுதல்தான், ஆனால் தனித்திருத்தல் மட்டும் காப்பாகாது. 2010ல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் நிரல், வெளித்தொடர்பற்ற ஈரானின் நதான்ஸ் யந்திரசாலையிலும் நுழைந்து, எல்லாம் செவ்வனே நடப்பதாகக் காட்டிக்கொண்டே சுழல் யந்திரங்களைப் பாழாக்கவில்லையா?

எனின், நமது காவல் உறுதியானதா என்று அறிவதெப்படி? ஓடும் உலையைத் தாக்கிப் பார்க்க எவரும் துணியார். ஆகவே நிபுணர்கள் 'டிஜிட்டல் இரட்டை' என்னும் முறையைக் கையாளுகின்றனர். பம்பு, வால்வு, கட்டளைக் கருவி அனைத்தையும் கம்ப்யூட்டருக்குள் பிரதி செய்து, நிஜ யந்திரத்தின் அளவுகளை அதற்கு ஊட்டுவர். பிரதியைத் தாக்கலாம், பொய்யளவு காட்டி ஏமாற்றலாம். தொட்டி வழிந்தாலும் ஒரு சொட்டு நஷ்டமில்லை. நிஜத்தின் அளவும் பிரதியின் அளவும் முரண்பட்டால், பழுதோ கள்ளமோ புகுந்ததென்றும் அறியலாம். சிங்கப்பூர் தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்கென்றே சிறு நீர்ச்சுத்திகரிப்பு நிலையமொன்றை அமைத்து இவ்வகைச் சோதனைகளை நடத்தி வருகிறது.

ஆனால் பிரதி உண்மையாயிருத்தல் வேண்டும். நிலையத்தில் வால்வை மாற்றிவிட்டுப் பிரதியில் மாற்றாதிருந்தால், பரீக்ஷையில் கிடைக்கும் தேர்ச்சி வெறும் மாயை. எதிரியின் கையில் சிக்கினால் அப்பிரதியே அவனுக்கு வழிகாட்டும் படமாகும்.

ஆதலின் நாம் கோருவன மூன்று. மின்சாரம், குடிநீர் ஸ்தாபனங்கள் பெரிய யந்திரங்களை வாங்குகையில் அவற்றின் பிரதியையும் கேட்டுப் பெறவேண்டும். அதை நம் நாட்டு எஞ்சினியர்களே பரீக்ஷித்துக் காக்கவேண்டும். ஆண்டுதோறும் பரீக்ஷை நடந்ததா, கண்ட குறைகள் நீக்கப்பட்டனவா என்பதை, இரகசியங்களை வெளியிடாமலே ஜனங்களுக்கு அறிவிக்கவேண்டும். 'சாத்தியமே இல்லை' என்னும் வாய்ச்சொல்லை நம்பித் தறியோட்டும் நிலை நமது ஜனங்களுக்கு வேண்டாம்.