மு.லட்சுமி வேற, மா.லட்சுமி வேற

'திருவேற்காடு'ல எத்தனை எழுத்து? ஒண்ணாங்கிளாஸ் குழந்தையே ஆறுன்னு சொல்லிடும். மருத்துவ ஆய்வுக் கணக்குக்கு நாங்க பயன்படுத்துற 'ஆர்' மொழியோட எஸ்டிஆர்ஸ்ப்ளிட்கிட்ட எழுத்தெழுத்தா பிரிக்கச் சொன்னா 12 துண்டு தருது! யூனிகோடுல கொம்புக்கும் காலுக்கும் தனி எண். அதனால 'தி'யில 'த' வேற, இகரக் குறி வேறன்னு வெட்டிடுது.

சிரிச்சுட்டுப் போகலாம்தான். ஆனா நோயாளிகள் பட்டியல்ல அப்பா பேரோட முதல் துண்டை இனிஷியலா எடுத்தீங்கன்னா? முருகனும் 'ம', மாரியும் 'ம'. ரெண்டு லட்சுமியும் ஒரே ஆள். ஒருத்தரோட சர்க்கரை அளவு இன்னொருத்தர் கணக்குல ஏறிடும்.

ஸ்ட்ரிங்ஐ தொகுப்பு முழு எழுத்தாவே பிரிக்கும், சரியா ஆறு வரும். தமிழ்ப் பேர்ல கை வைக்கிறவங்க அதைத்தான் பயன்படுத்தணும். "பேரை இங்கிலீஷ்லயே ஏத்திடலாமே டாக்டர்"னு சிலர் சொல்றாங்க. லட்சுமியை இங்கிலீஷ்ல எத்தனை விதமா எழுதுறாங்கன்னு ஓபி சீட்டைப் பாருங்க, தெரியும்.