டப்பாவை ஒளிப்பது எளிது. பெயர் வைப்பதுதான் கஷ்டம்!

ஓசூர் எங்கே இருக்கிறது? செல்போனில் இரண்டு எண்களைத் தட்டினால் போதும். வடக்கே 12.7 டிகிரி, கிழக்கே 77.8 டிகிரி. தமிழர் தட்டினாலும், கன்னடர் தட்டினாலும், தெலுங்கர் தட்டினாலும் அதே இடம்தான் வரும்.

பெயரைத் தட்டினால்? அங்கேதான் தகராறு!

தமிழில் "ஓசூர்." கன்னடத்தில் "ஹொசூரு." புதிய ஊர் என்று பொருள். புதிய ஊர்கள் ஒன்றா, இரண்டா? கர்நாடகத்தில் இதே பெயரில் பல ஊர்கள் உள்ளன. போதாக்குறைக்குப் பெங்களூரு நகருக்குள்ளேயே "ஓசூர் ரோடு" என்று ஒரு பெரிய சாலை. ஓசூரைத் தேடியவர் அங்கே போய் நிற்பதும் உண்டு.

இந்த ஊரில் யாராவது ஜியோகேச்சிங் சங்கம் தொடங்க நினைத்தால், முதல் தலைவலி பெயர்தான்.

அது என்ன விளையாட்டு?

ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது மறைத்து வைக்கிறார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இன்டர்நெட்டில் போடுகிறார். மற்றவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டே போய்த் தேடுகிறார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் காகிதத்தில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான்!

இது பிறந்த கதை வேடிக்கையானது. வானத்தில் சுற்றும் அமெரிக்கச் செயற்கைக் கோள்கள் பூமியில் உள்ள இடங்களைக் காட்டுகின்றன அல்லவா? பொதுமக்களுக்கு மட்டும் அதைச் சற்றுப் பிழையாகக் காட்டும்படி ராணுவம் வைத்திருந்தது. 100 மீட்டர் வரை தவறு வரும். 2000-ம் ஆண்டு மே 2-ந் தேதி அந்தத் தடை நீங்கியது. மறுநாளே ஆரெகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் காட்டில் வைத்தார். உள்ளே புத்தகம், உண்டிவில், ஒரு பீன்ஸ் டப்பா! மூன்றே நாளில் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள்.

விளையாட்டுக்கு முதலில் வைத்த பெயரில் "ஸ்டாஷ்" என்ற சொல் இருந்தது. பதுக்கிய பொருள் என்று அர்த்தம். அமெரிக்காவில் அந்தச் சொல்லைக் கேட்டால் கஞ்சாப் பொட்டலம்தான் நினைவுக்கு வரும். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் அதில் சேருவார்களா? அதே மாதத்தில் மாட் ஸ்டம் என்பவர் "ஜியோகேச்சிங்" என்று புதுப்பெயர் சொன்னார். "ஜியோ" என்றால் பூமி. "கேச்" என்றால் வழிப்போக்கர்கள் உணவை மறைத்து வைக்கும் இடம். பெயர் மாறியது, விளையாட்டும் உலகம் சுற்றியது.

"புதையல்" வேண்டாம்!

தமிழில் என்ன பெயர் வைப்பது? "புதையல் வேட்டைச் சங்கம்" என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அழகான பெயர். ஆனால், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அதைவிட வம்பான பெயர் கிடையாது!

மலைக்கு மலை கோட்டை உள்ள பிரதேசம் இது. கிருஷ்ணகிரிக் கோட்டையும், இராயக்கோட்டையும் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே நாலு வாலிபர்கள் செல்போனும் கையுமாகக் கல்லைப் புரட்டினால் ஊரார் என்ன நினைப்பார்கள்? "என்னப்பா தேடுகிறீர்கள்?" "புதையல்!" பிறகு போலீஸ் நிலையத்தில்தான் மீதிப் பேச்சு.

சட்டமும் இருக்கிறது. 1878-ம் ஆண்டில் வந்த இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த விளையாட்டில் குழி தோண்டுவது வழக்கமில்லை. டப்பாவில் இருப்பதும் பொம்மையும் பென்சிலும்தான். ஆனால், பெயரைக் கேட்டுப் பயந்தவரிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

மர்ம டப்பா

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 2011-ம் ஆண்டு இங்கிலாந்தில் வெதர்பி என்ற ஊரில் ஒருவர் தெருவோரம் ஒரு டப்பாவை மறைத்து வைத்தார். பார்த்தவர்கள் வெடிகுண்டு என்று பயந்தார்கள். வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அதை வெடிக்கச் செய்தார்கள். பார்த்தால், விளையாட்டு டப்பா!

ஓசூரில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய ஆலைகள். ஷிப்டு முடிந்தால் ஜனக்கூட்டம். பக்கத்திலேயே மாநில எல்லை. ஆலைச் சுவரிலோ பஸ் நிலையத்திலோ கேட்பாரற்ற டப்பா கிடந்தால், யாரும் திறந்து காகிதத்தைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆகவே, மூடியின் மேலேயே சங்கத்தின் பெயர் பளிச்சென்று தெரிய வேண்டும். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்கும் ஊரில் எந்த எழுத்தில்?

ஆங்கிலத்தில் எழுதலாம் என்பார்கள். அதிலும் சங்கடம். பெங்களூரின் ஆங்கிலப் பெயர் 2014-ல் மாறிவிட்டது. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி உத்தரவிட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. ஊர்ப் பெயரின் எழுத்து இப்படி ஆடினால், அதை நம்பிச் சங்கத்துக்கு இன்டர்நெட்டில் முகவரி வாங்கியவர் கதி?

பெயருக்குள் பெயர்

ஆட்டக்காரர்களின் பெயர் வேறு விஷயம். காகிதத்தில் யாரும் சொந்தப் பெயரை எழுத வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு புனைபெயர். பெற்றோருக்கு இதில் நிம்மதிதான். மலையில் கிடக்கும் டப்பாவை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். அதில் ஒரு சிறுமியின் பெயரும் பள்ளிக்கூடமும் இருப்பதைவிட "எல்லைக் குருவி" என்று இருப்பது மேல். ஆனால், சங்கமே முகமூடி போட்டுக்கொண்டால் நில உரிமையாளரிடம் அனுமதி கேட்பது யார்? அனுமதி இல்லாமல் டப்பா வைக்கக் கூடாது என்பது ஆட்ட விதி. உறுப்பினருக்குப் புனைபெயர் இருக்கட்டும்; சங்கத்துக்கு ஊர் அறிந்த பெயரும், கேட்டால் பதில் சொல்ல ஒரு பெரியவரும் வேண்டும்.

சிறிய டப்பாக்களில் ஒரு வகை பழைய காமிரா பிலிம் டப்பிகள். கட்டைவிரல் பருமன்தான். அதன் மூடியில் மூன்று மொழிகளிலும் பெயர் எழுத இடம் ஏது? "ஜி.சி." என்று தொடங்கும் பதிவுக் குறியை மட்டும்தான் எழுதலாம்.