சொந்தப் பாட்டும் வாடகைப் பாட்டும்

"கைப்பேசி இருக்கும்போது பாட்டுக் கேட்பதற்கென்று இன்னொரு பெட்டியா?" என்று நகைப்போர் நம் விடுதியில் பலர். கேள்வி நியாயமானதே. ஊரை விட்டு ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வந்து படிக்கும் மாணவனிடம் வீண் செலவுக்குப் பணம் ஏது? ஆயினும், விலை குறைந்த சிறிய இசைக் கருவி ஒன்றைத் தனியே வைத்திருப்பது வீண் செலவு அன்று. நம்மைப் போன்றோர்க்கு அது வேண்டிய செலவு என்பதே என் கருத்து. ஏன் வேண்டும், எதை வாங்க வேண்டும், எப்படிக் கையாள வேண்டும் என்னும் மூன்றையும் முறையாகப் பார்ப்போம்.

இசையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்கும் ஆசை புதியதன்று. 1954-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ரீஜன்சி என்னும் சிறு டிரான்சிஸ்டர் வானொலி அந்த ஆசைக்குக் கதவு திறந்தது. 1979-இல் சோனி நிறுவனத்தின் வாக்மன் வந்தது. வானொலி நிலையத்தார் தருவதைக் கேட்ட காலம் போய், நாம் விரும்புவதை நடந்துகொண்டே கேட்கும் காலம் பிறந்தது. 1998-இல் நாடாவும் தட்டும் வேண்டாத எம்.பி.3 கருவி கொரியாவிலிருந்து வந்தது. 2001-இல் ஆப்பிளின் ஐபாட் வந்தது. 2022-இல் அந்த வரிசைக்கு அந்நிறுவனமே முற்றுப்புள்ளி வைத்தது. "பார்த்தீரா, கதை முடிந்தது!" என்பர். முடிந்தது ஒரு வணிகப் பெயர், தேவை முடியவில்லை. சிறு இசைக் கருவிகள் இன்றும் கடைக்கு வந்தவண்ணமே உள்ளன.

இன்று நம்மில் பெரும்பாலோர் கேட்பது வாடகைப் பாட்டு. வாடகை வீட்டில் குடியிருப்பவன் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் அஞ்சுவான். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு புறப்பட வேண்டியவனே. இணையவழி இசைச் சேவைகளின் இயல்பும் இதுதான். கூகுளின் பிளே மியூசிக் 2020-இல் மூடப்பட்டது. ரெஸ்ஸோ 2024 சனவரியில் இந்தியாவில் கடையைக் கட்டியது. ஏர்டெலின் விங்க் மியூசிக் மூடப்படும் என்ற அறிவிப்பும் அதே ஆண்டில் வந்தது. சேவை மூடப்பட்டால், ஆண்டுக் கணக்கில் ஒன்றொன்றாய்ச் சேர்த்த பாட்டு வரிசை என்னாகும்?

"நான் தரவிறக்கி வைத்திருக்கிறேனே!" என்பார் ஒருவர். அதுவும் பிறர் சாவியில் பூட்டிய பெட்டிதான். ஸ்பாட்டிஃபையில் இறக்கி வைத்த பாட்டுகளைக் காப்பாற்ற, முப்பது நாளுக்கு ஒரு முறையேனும் இணையத்தில் தலையைக் காட்டியாக வேண்டும். சந்தா நின்றால் பெட்டி திறவாது. இதில் எவரையும் குறை சொல்வதற்கில்லை. வாடகையின் இலக்கணம் அது. ஆனால் வாடகையை உடைமை என்று எண்ணி நாம் மயங்கலாகாது.

இதைவிடப் பெரிய காரணமும் ஒன்று உண்டு. நமக்கு வேண்டிய ஒலிகளில் பல எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் இல்லை. ஊர்க் கோயிலில் சாமி புறப்படும்போது நாகசுரக்காரர் வாசித்த மல்லாரி. அத்தை பாடிய நலங்குப் பாட்டு. மாமா ஆடிய கூத்து. என் கருவியில் மூன்று நிமிடக் கோப்பு ஒன்று இருக்கிறது. நாற்று நடும்போது பாடுவதை என் அம்மாச்சி திண்ணையில் உட்கார்ந்து பாடிக் காட்டியது அது. நடுவிலே, "டேய், அந்தக் கோழிய வெரட்டுடா" என்று அவர் அதட்டுவதும் பதிவாகியிருக்கிறது. அந்தப் பாட்டுக்கு ஏது சந்தா? அதை நான் தொலைத்தால் தேடித் தர உலகில் ஆளில்லை. வேற்று மொழி சூழ்ந்த ஊரில் வாழும் நமக்கு இவை பொழுதுபோக்கு மட்டும் அல்ல, வேர்மண்.

அப்படியானால் இவற்றைக் கைப்பேசியிலேயே வைத்தால் என்ன? வைக்கலாம். ஆனால் கைப்பேசி ஒரு சந்தைக் கடை. ஆலாபனை மேலேறும் நேரம் பார்த்து வங்கிக்காரர் மணியடிப்பார். வகுப்புக் குழுவில் நாற்பது செய்திகள் வந்து குவியும். பாட்டுக் கேட்க எடுத்த கை, அரை மணி நேரம் கழித்து வேறெதையோ பார்த்துக்கொண்டிருக்கும். தனிக் கருவியோ ஒரு வேலைதான் செய்யும். அதனாலேயே அதை நன்றாகச் செய்யும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் பயணம் செய்யும்போது, இடார்சியைத் தாண்டிச் சாத்பூரா மலைக்குள் தொடர்பு அறுந்தாலும் பாட்டு அறாது. இறங்கும்போது வீட்டாரை அழைக்கக் கைப்பேசியில் மின்னூட்டமும் மிஞ்சும்.

இனி, எதை வாங்குவது? மூவாயிரம் ரூபாய்க்கு மேல் போக வேண்டியதில்லை என்பது என் கணக்கு. மாதம் நூறு ரூபாய் சந்தா என்று வைத்தாலும் ஐந்தாண்டில் ஆறாயிரம் ஆகிறதே! வாங்கும்முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். மெமரி கார்டு செருக இடம் உண்டா? கம்பி இயர்போன்கள் பல பொருந்தும் 3.5 மில்லிமீட்டர் துளை உண்டா? பார்க்காமலே விரலால் தடவி இயக்கும்படி பொத்தான்கள் உண்டா? பாட்டுகளைக் கோப்புறை வாரியாகக் காட்டுமா? நான்குக்கும் "ஆம்" என்றால் துணிந்து வாங்கலாம். வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். மலிவான கருவிகள் பலவற்றில் தமிழ் எழுத்து வெறும் கட்டமாகத் தெரியும். அப்படியானால் கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பதைத் தவிர வழியில்லை.

அட்டைப் பெட்டியில் "உயர்தர ஒலி" என்று அச்சிட்ட பொன்னெழுத்தைக் கண்டு மயங்க வேண்டா. குறுந்தகட்டின் ஒலி நொடிக்கு 44,100 முறை அளந்தெடுக்கப்படுவது. இதைக் கொண்டு ஏறத்தாழ 22,000 ஹெர்ட்ஸ் வரை ஒலியைத் திரும்பப் பெறலாம். மனிதச் செவியோ 20,000-க்கு மேல் கேளாது. காது கேளாத எண்ணுக்குக் காசு கொடுப்பானேன்?

இடம் போதுமா என்ற ஐயமும் வேண்டா. நொடிக்கு 320 கிலோபிட் அளவில் பதிந்த ஐந்து நிமிடப் பாட்டு 12 மெகாபைட் ஆகும். 32 ஜிகாபைட் கார்டில் இரண்டாயிரத்து அறுநூறு பாட்டுகளுக்கு மேல் அடங்கும். இரவு பகல் ஓயாமல் கேட்டாலும் ஒன்பது நாள் ஓடும். அதைவிடப் பெரிய கார்டு வாங்குமுன், கருவி அதை ஏற்குமா என்று கேட்டுக்கொள்க. 32 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கார்டுகள் வேறொரு கோப்பு முறையில் வருவதால், சில சிறு கருவிகள் அவற்றைப் படிக்கமாட்டா.

மூவாயிரம்கூட இல்லையா? மேசை இழுப்பறையில் உறங்கும் பழைய கைப்பேசியை எடுங்கள். சிம் கார்டைக் கழற்றுங்கள், இணையத்தை அணையுங்கள், மற்றச் செயலிகளை நீக்கிவிட்டு, விஎல்சி போன்ற இலவசச் செயலி ஒன்றை மட்டும் வையுங்கள். காசில்லாமலே கருவி ஆயிற்று. மிஞ்சும் பணத்தை இயர்போனில் போடுங்கள். ஒலியின் நயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

இயர்போன் என்றதும் காதின் நினைவு வர வேண்டும். வாரத்துக்கு 80 டெசிபெல் அளவில் 40 மணி நேரம் கேட்கலாம் என்பது உலக நல நிறுவனத்தின் வரம்பு. 90 டெசிபெல் என்றாலோ 4 மணி நேரந்தான்! பத்து டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு ஆகிறது. எனவே நேரம் பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. இரயில் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போவது தற்கொலை, காதுக்குத் தற்கொலை. துளையை நன்றாக அடைக்கும் மென்மையான ரப்பர் முனை இருந்தால் இரைச்சல் உள்ளே வாராது. குறைந்த ஒலியே போதும். உள்செவியில் அழிந்த மயிரணுக்கள் மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. கருவி போனால் வேறு வாங்கலாம், காது போனால்?

பாட்டுக்கு எங்கே போவது? திருட்டுத் தளங்களுக்கு வேண்டா. பாடியவனின் கூலியைப் பறித்துவிட்டுப் பாட்டைப் போற்றுவது பண்பாகாது. வீட்டு அலமாரியில் தூசி படிந்திருக்கும் குறுந்தகடுகளைக் கணினியில் ஏற்றலாம். தன் சொந்தப் பயனுக்கான நேர்மையான கையாளலை 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் விலக்கி வைத்திருக்கிறது. பாண்ட்கேம்ப் போன்ற இடங்களில் தனிக் கலைஞர்கள் தம் இசையைப் பூட்டில்லாத கோப்பாகவே விற்கிறார்கள். ஒரு முறை காசு கொடுத்தால் என்றும் நமதே. எதையும் இரண்டு இடங்களில் வையுங்கள். ஒரே படி என்பது இழப்பதற்கு ஒரு படி முன்னே நிற்பது.

இணையச் சேவைகளை அறவே விலக்கச் சொல்லவில்லை. புதிய பாட்டைத் தேடிக் காண அவற்றுக்கு இணையில்லை. சந்தையில் சுற்றுவது தவறன்று, குடியிருப்பதுதான் தவறு. கண்டதில் பிடித்ததைத் தேர்ந்து, விலை கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு கோடிப் பாட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவன் எதையும் முழுதாகக் கேட்பதில்லை. இருநூறு பாட்டைத் தானே தேர்ந்து வைத்திருப்பவன் ஒவ்வொன்றின் மூச்சையும் அறிவான்.

இறுதியாக, நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் வீட்டுப் பெரியவர் ஒருவரின் பாட்டை, அவர் இசைவு பெற்று, பதிந்து வரட்டும். பாடியவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் கோப்போடு எழுதி வைக்கட்டும். பொங்கல் விழாவில் அவற்றைக் கேட்போம்; படியெடுத்து ஒருவர்க்கொருவர் வழங்குவோம். மன்றத்தில் ஐம்பது பேர் இருந்தால் ஐம்பது பாட்டு. அவற்றுக்கு வாடகை இல்லை, கெடு இல்லை. பாடும் குரல்களுக்குத்தான் கெடு உண்டு. ஆதலால் இந்த விடுமுறையிலேயே தொடங்குவோம்.