விடியுமுன் கட்டும் சோறு



பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு என்ன சாப்பாடு கட்டிக் கொடுப்பது என்பது அடுப்பங்கரைச் சங்கதி, அதில் சங்கத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் அடுப்பு மூட்டி அறியாத ஆண்கள் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

ரப்பர் மரம் வெயிலுக்கு முன் வெட்டப்பட வேண்டிய மரம். இரவுக் குளிர்ச்சியில் பட்டைக்குள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறினால் அழுத்தம் குறையும். மங்கில் விழும் பாலும் குறையும். ஆகவே பெரட்டு விடியுமுன். அதற்கு நிற்க வேண்டிய தாய் நாலு மணிக்கு எழுந்து, நாலரைக்குச் சோறு கட்டுகிறாள். பிள்ளை அதைத் திறப்பதோ பத்து மணி வாக்கில், பள்ளி இடைவேளையில். ஐந்தரை மணி நேரம் மூடிக் கிடந்த சோறு!

முன்பு நாம் கிராணி வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், அதன் பெயர் வேண்டாம், ஒரு தாய் பெரட்டுக்குப் பத்து நிமிஷம் பிந்தி வந்தாள். ஏன் என்று கேட்டோம். “பெரியவனுக்குச் சோறு ஆறலீங்க ஐயா, சூட்டோட மூடினா புளிச்சுப் போயிடும்” என்றாள். அன்று செக்ரோலில் அவளுக்கு அரைப்பேர் போட்டது இதை எழுதுகிற இதே கைதான். அவள் சொன்னது உண்மை. சுடச்சுட மூடிய சோறு வேர்த்துக் கெடும். தேங்காய்ப் பால் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் கெடும். அந்தப் பத்து நிமிஷம் சோம்பலல்ல, பிள்ளையின் வயிற்றுக்கான காவல். இது நமக்குத் தெரியாமல் போனதற்கு இன்றும் வெட்கப்படுகிறோம்.

கையில் இருப்பதைக் கொண்டு என்ன செய்யலாம்? நாசி லெமாவைவிடப் புளிச்சோறு தாங்கும். நெத்திலியை மொறுமொறுவென்று வறுத்துத் தனிக் காகிதத்தில் மடித்து வைத்தால் கெடாது. முள்ளோடு தின்கிற மீன் என்பதால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் அதில் உண்டு. முட்டையை அவித்து ஓட்டோடு கொடுங்கள். ஒன்றில் 6 கிராம் அளவுக்குப் புரதம். ஆனால் 2025 ஆகஸ்ட்டு முதல் முட்டைக்கு விலைக் கட்டுப்பாடும் உதவித் தொகையும் நீங்கிவிட்டன. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் தினம் மூன்று முட்டை என்பது கணக்குப் பார்த்துச் செய்கிற செலவு. கட்டாத நாளில் பச்சைப் பயறோ கச்சானோ அவித்துக் கொடுக்கலாம். லயத்துக்குப் பின்னால் நிற்கிற முருங்கையைக் கேட்பாரில்லை. அதன் கீரையை இரவே ஆய்ந்து வைத்தால் காலையில் பருப்போடு சுண்டிவிடலாம். போத்தலில் தேயிலைத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதை மட்டும் நிறுத்துங்கள். கீரையின் இரும்புச் சத்து உடம்பில் சேராமல் தேயிலை தடுக்கிறது. எலுமிச்சைத் தண்ணீர் அதைச் சேரச் செய்யும்.

இவ்வளவு சொன்னாலும் பாரம் முழுவதும் அந்த ஒருத்தியின் தலையிலேயே ஏறுகிறது. இது நியாயமா?

சென்னை மாநகராட்சி 1920-ல், தியாகராயச் செட்டியார் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தீர்மானித்தது. செலவு தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படக் கூடாது என்பது நிபந்தனை. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்கக் கூடாது என்று வெள்ளை அரசாங்கம் சொன்னதும் 1925-ல் அது நின்றது. கணக்குப் புத்தகத்தில் பத்தி இல்லை என்பதற்காகப் பிள்ளையின் தட்டு காலியான கதை! கிராணிமார்களே, நம் கையிலும் புத்தகம் இருக்கிறது. பிறகு 1956-ல் காமராசர் மதிய உணவைக் கொண்டுவந்தார், 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. தமிழ்நாட்டில் அது பொதுப் பொறுப்பாயிற்று.

நம் நாட்டிலும் 1979 முதல் ஏழைப் பிள்ளைகளுக்குக் கூடுதல் உணவுத் திட்டம் இருக்கிறது. தீபகற்பத்தில் பிள்ளை ஒன்றுக்கு இரண்டரை வெள்ளியாக இருந்ததை 2022-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் நான்கு வெள்ளியாக உயர்த்தியது. குடும்ப வருமானம் பார்த்தே பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். சம்பளச் சீட்டைத் தேடி எடுக்கவும் மலாய் பாரத்தை நிரப்பவும் தெரியாமல் விட்டுப்போகும் பெற்றோர் எத்தனை பேர்! அவர்களுக்கு எழுதிக் கொடுப்பது கிராணியின் கடமை, தயவு அல்ல.

நிர்வாகத்திடம் நாம் கேட்பது இரண்டு. பள்ளிப் பிள்ளை உள்ள தாய்க்குப் பெரட்டில் கால் மணி நேரச் சலுகை, அதற்காகப் பேர் வெட்டக் கூடாது. ஆயாக் கொட்டகையில் அடுப்பு உள்ள தோட்டங்களில், பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கும் அங்கேயே சுடு கஞ்சி.

பைராம் தோட்டத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள தோழர்கள் இதை அடுத்த கிளைக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுகிறோம். தாய்மார்களும் அவசியம் வரவேண்டும். கூட்டத்தை இரவில் வைக்காமல், பால் நிறுத்த பிறகு பகலிலேயே வையுங்கள். நாலு மணிக்கு எழ வேண்டியவர்கள் அவர்கள்.